நாற்று நெட்டையாகிறதா, சாய்கிறதா, முளைக்கவே மாட்டேன் என்கிறதா? செடி ஹார்மோன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு குழித்தட்டு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். கத்தரி, தக்காளி, மிளகாய், சீசனுக்குக் கொஞ்சம் சாமந்தி. நான் காலேஜில் தாவரவியல் படித்தவன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் நாற்று வாங்க வருகிறவர்கள் டிரேயை எண்ணி முடிப்பதற்குள் நாலு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் போட்டோ அனுப்பிக் கேட்கிறார்கள். பாதிக் கேள்விகள் சுற்றிச் சுற்றி செடியின் ஹார்மோன்களில்தான் போய் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

செடிக்குமா ஹார்மோன்? மனுஷனுக்கு இருக்கிற மாதிரியா?

பெயர்தான் ஒன்று. நமக்குத் தைராய்டு, கணையம் என்று அதற்கென்று சுரப்பிகள் இருக்கின்றன, செடிக்கு அப்படி எதுவும் கிடையாது. இளம் இலை, வேர்நுனி, முளைக்கிற விதை என்று எந்த இடத்திலும் தேவைப்பட்டபோது தயாராகும். அளவு ரொம்பக் குறைவு. ஒரே பொருள் இடத்துக்கு இடம் வேறு வேலை பார்ப்பதும் உண்டு: தண்டை நீட்டிவிடுகிற அதே அளவு ஆக்சின் வேருக்குப் போனால் வேர் நீள்வதை நிறுத்திவிடும்.

அதனால் ஆக்சின் என்றால் இந்த வேலை, ஜிப்ரலின் என்றால் அந்த வேலை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அட்டவணை நாற்றங்காலில் அவ்வளவாக உதவாது. நம் வீடுகளில் கல்யாணம் பேசுகிற மாதிரிதான். தாய்மாமன் சரி என்பார், அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், தாத்தா வாயே திறக்க மாட்டார், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு வரும். யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஒருவரைக் கைகாட்ட முடியாது.

சரி, மொத்தம் எத்தனை இருக்கு?

பழைய புத்தகங்களில் ஐந்து: ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், எத்திலீன், அப்சிசிக் அமிலம். பின்னால் பிராசினோஸ்டீராய்டு, ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், ஸ்ட்ரைகோலாக்டோன் எல்லாம் சேர்ந்தன. பட்டியல் இன்னும் நீளும், நாற்று வளர்க்க இவ்வளவு போதும்.

சொந்தக் கத்தரிக்காயில விதை எடுத்தேன், பத்து நாளாகியும் முளைக்கல. விதை செத்துப்போச்சா?

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. எல்லோரும் சொந்தமாக விதை எடுக்கப் பார்க்கிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் பழத்திலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்த உடனே விதைக்கிறார்கள். புது விதைக்குக் கொஞ்ச நாள் உறக்கம் உண்டு.

விதைக்குள் இரண்டு பேர் இழுபறி. அப்சிசிக் அமிலம் 'இப்போது வேண்டாம்' என்று பிடித்து வைக்கும், ஜிப்ரலின் 'கிளம்பு' என்று தள்ளும். செடியில் விதை முற்றும்போது அப்சிசிக் அமிலம் சேர்கிறது, அது இல்லாவிட்டால் ஈரமான பழத்துக்குள்ளேயே விதை முளைத்துவிடும். அதிகம் பழுத்த தக்காளியை வெட்டும்போது உள்ளே வெள்ளை முளைகளைப் பார்த்திருப்பீர்கள், அங்கே இந்தப் பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். விதை உலர்ந்து சில வாரம் கிடக்கும்போது அப்சிசிக் அமிலத்தின் பிடி குறைந்துகொண்டே வரும், ஜிப்ரலினுக்கு விதை காது கொடுக்க ஆரம்பிக்கும். இதில் எத்தனை ஜிப்ரலின் இருக்கிறது என்பதைவிட இரண்டுக்கும் நடுவில் உள்ள விகிதம்தான் முக்கியம்.

ஆகவே ஒன்றிரண்டு மாதம் நிழலில் உலர்த்தி வைத்துவிட்டு அப்புறம் விதையுங்கள். செத்த விதையா என்று தெரிய, ஈரத் துணியில் இருபது விதை மடித்து வையுங்கள். உறங்குகிற விதை நீர் குடித்துக் கெட்டியாகவே இருக்கும், செத்தது நாலைந்து நாளில் கூழாகி நாறும்.

முளைகட்டின கேவுரு ஏன் இனிக்குது?

இதைக் கேட்டது என் மனைவி. கேவுரு என்றால் கேழ்வரகு. கேள்வி நாற்றங்காலுக்கு வெளியே என்று தோன்றலாம், உண்மையில் நெல் நாற்றுக்கும் இதே கதைதான். தானியம் நனைந்ததும் உள்ளே இருக்கும் கரு ஜிப்ரலினைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது. அது மாவுப்பகுதியைச் சுற்றியிருக்கும் மெல்லிய உயிருள்ள அடுக்குக்குப் போய்ச் சேருகிறது. அந்த அடுக்கு அமிலேஸ் என்கிற நொதியைச் சுரக்க, மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது, அந்தச் சர்க்கரையில்தான் முளை வளர்கிறது. நாம் பாதி வழியில் வெயிலில் காயப்போட்டு அரைத்துக்கொள்கிறோம். கருவை வெட்டி எடுத்துவிட்டு நனைத்தால் மாவு உடையாது, வெளியிலிருந்து ஜிப்ரலின் கொடுத்தால் கரு இல்லாமலேயே உடையும் என்பதை 1960 வாக்கில் பார்லி தானியத்தில் செய்து காட்டினார்கள். இங்கேயும் அப்சிசிக் அமிலம் குறுக்கே நிற்கும், அதையும் சேர்த்துக் கொடுத்தால் அமிலேஸ் வராது.

மல்லாட்டை புடுங்கறதுக்கு முன்ன மழை புடிச்சிக்கிச்சு. மண்ணுக்குள்ளயே முளைச்சிடுச்சே, ஏன் நைனா?

ஆடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்து ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் கேட்டது. நம் பக்கம் போடுவது பெரும்பாலும் கொத்து ரகம், அதற்கு விதை உறக்கம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். கொடி ரகங்களுக்கு உறக்கம் உண்டு, மழையில் கிடந்தாலும் தாங்கும், ஆனால் வயது அதிகம். வேர்க்கடலையில் உறக்கத்தைக் கலைக்கும் வேலையை எத்திலீன் வாயு முக்கியமாகச் செய்கிறது. நனைந்த விதையின் கருவே அதை வெளியிடும். உறங்கும் ரகங்களில் அந்த வாயு குறைவாகவே வரும், அதனால்தான் அந்த விதையை உடனே விதைக்க வேண்டியிருந்தால் எத்திலீனை வெளிவிடும் எத்திபான் கரைசலில் நேர்த்தி செய்கிறார்கள். பெரியவருக்குச் சொன்னது: ரகத்தை மாற்ற முடியாதென்றால் விதைக்கும் பட்டத்தைப் பத்து நாள் முன்னே தள்ளுங்கள். "ஏரியில தண்ணி இருந்தா தள்ளமாட்டனா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முளை ஏன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு கொக்கி மாதிரி வெளிய வருது?

விதையிலைகளும் நடுவில் இருக்கும் குருத்தும் மண்ணில் உரசிக் கிழியாமல் இருக்கத்தான். தண்டின் வளைவு முன்னால் முட்டிக்கொண்டு போகும், குருத்து பின்னால் பத்திரமாக இழுபட்டு வரும். வளைவின் உள்பக்கம் ஆக்சின் கூடுதலாகச் சேர்ந்து அந்தப் பக்க வளர்ச்சி தடைபடுகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது, அதனால் கொக்கி. அதைக் கெட்டியாக வைத்திருப்பது எத்திலீன். ஜிப்ரலினும் கூடவே வேண்டும்.

இந்த எத்திலீன் சங்கதி கிடைத்ததே ஒரு தற்செயலில். 1901இல் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நெல்யூபோவ் என்ற மாணவர் ஆய்வகத்துக்குள் இருட்டில் பட்டாணி முளைக்கவைத்தார். முளைகள் மேலே வராமல் குட்டையாகவும் தடியாகவும் படுக்கைவாட்டிலும் வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தபோது சரியாக இருந்தன. விளக்குக்குப் பயன்படுத்திய வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். குட்டை, தடி, கூடுதல் வளைவு என்று மூன்றும் சேர்ந்து வருவதை இன்றைக்கும் எத்திலீனுக்கான சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

மண்ணுக்குள் இது எதற்கு உதவுகிறது என்றால், மேல்மண் இறுகிக் கிடக்கும்போது முட்டுகிற முளை தானே எத்திலீனைக் கூட்டிக்கொள்கிறது, தண்டு குட்டையாகித் தடிக்கிறது, தடித்த தண்டுக்கு முட்டும் பலம் அதிகம். வெளிச்சம் பட்டவுடன் கணக்கு மாறி சில மணி நேரத்தில் கொக்கி நிமிரும். அதனால் கொக்கியோடு நிற்கும் முளையை விரலால் நிமிர்த்திவிடாதீர்கள். மாடித்தோட்டக்காரர்கள் நிறையப் பேர் 'உதவி' செய்கிறேன் என்று கழுத்தை ஒடித்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்புகிறார்கள்.

நாத்து ஏன் வெளுத்து நூல் மாதிரி நீண்டு போகுது?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கமே. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விதை போட்ட டிரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி வைப்போம், சூடும் ஈரமும் நிற்கும், ஒரே மாதிரி முளைக்கும். தக்காளிக்கு மூன்று நாள் போதும், கத்தரிக்கு ஐந்தாறு, மிளகாய் அதற்கும் மேல். ஒருமுறை சித்தூரில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு நாள் தாமதமாக வந்தேன். தாளை விலக்கி மேல் டிரேயைத் தூக்கினால் வெள்ளைச் சேமியா மாதிரி முளைகள், சிலது மேல் டிரேயின் அடித்துளை வழியாக நுழைந்து தேங்காய் நார்க்கழிவுக்குள் தலையை விட்டிருந்தன. டிரேயைத் தூக்கியதும் அவை பட்பட்டென்று அறுந்தன. அந்தச் சத்தம் ரொம்பச் சின்னது, எனக்குக் கேட்டது.

நடந்தது இதுதான். செடியிடம் பைட்டோகுரோம் என்று ஒளியை உணரும் புரதம் இருக்கிறது. இருட்டில் அது சும்மா இருக்கும், அப்போது பிஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புரதங்கள் குவியும். இவைதான் 'நீளு, வெளிச்சத்தைத் தேடு' என்கிற மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன, ஆக்சின் தயாரிப்பும் அதில் ஒன்று. அதே நேரம் இருட்டில் ஜிப்ரலின் அதிகம். ஜிப்ரலினின் வேலையே டெல்லா என்கிற தடுப்புப் புரதத்தை ஒழிப்பது. டெல்லா இருந்தால் பிஃப் புரதங்களைக் கையைப் பிடித்து நிறுத்தும், அது ஒழிந்ததும் அவை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிதான். மூன்றாவதாகப் பிராசினோஸ்டீராய்டு. அதன் ஆளான ஒரு புரதமும் பிஃபும் ஆக்சினின் ஆளும் ஒரே மரபணுக்கள் மேல் கூட்டாக உட்கார்ந்து வேலை பார்க்கின்றன. ஒன்று இல்லாவிட்டாலும் மற்றதற்கு முழு வேகம் வராது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் பிராசினோஸ்டீராய்டு தயாரிக்க முடியாத ரகம் ஒன்று இருக்கிறது. அதைக் கும்மிருட்டில் முளைக்கவைத்தாலும் குட்டையாக, இலை விரித்து, வெயிலில் நிற்கிற மாதிரியே நிற்கும். வெளிச்சமே பார்க்காத செடி வெளிச்சத்தில் இருப்பதாக நடிக்கிறது!

வெளிச்சம் வந்ததும் பைட்டோகுரோம் விழித்து பிஃப் புரதங்களை அழிக்க வைக்கிறது, ஜிப்ரலின் குறைந்து டெல்லா ஏறுகிறது, சைட்டோகைனினும் சேர்ந்து இலையைப் பச்சையாக்குகிறது. ஆனால் ஏற்கெனவே நீண்டுவிட்ட உயிரணு திரும்பச் சுருங்காது. நெட்டையான நாற்றைக் கட்டையாக்க மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான், இனி வரும் கணுவைத்தான் காப்பாற்ற முடியும்.

முழு இருட்டு வேண்டும் என்பதுகூட இல்லை. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அதைத் தாண்டிய தொலைசிவப்பு ஒளியை விட்டுவிடும். பக்கத்து நாற்றின் இலை தட்டியதுமே தொலைசிவப்பின் பங்கு கூடிவிடுவதால் பைட்டோகுரோம் பாதி உறங்குகிறது, செடி போட்டி வந்துவிட்டது என்று நீள ஆரம்பிக்கிறது. இருபது நாளுக்கு மேல் நெருக்கமாக வைத்த டிரேயில் நடு வரிசை நாற்று ஓரத்து நாற்றைவிட உயரமாக இருப்பது இதனால்தான். வாங்குகிறவர்கள் உயரமானதைப் பார்த்து 'நல்லா வந்திருக்கு' என்பார்கள். நான் ஓரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

தக்காளி மட்டும் ஒரு சலுகை கொடுக்கும். நீண்டுபோன தண்டை முதல் இலை வரைக்கும் ஆழமாக நட்டால் புதைந்த தண்டிலிருந்தே வேர் விடும், ஆக்சினும் எத்திலீனும் சேர்ந்து அந்த வேரைக் கொடுக்கின்றன. கத்தரியையும் மிளகாயையும் அப்படிப் புதைக்க வேண்டாம், கழுத்து அழுகும்.

நிழல்வலைக்குள்ள நல்ல வெளிச்சம்தான் இருக்கு. ஆனா சித்திரையில மட்டும் நெட்டையாகுதே?

சூடு. நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. பைட்டோகுரோம் ஒளியை மட்டும் உணர்வதில்லை, சூட்டையும் உணர்கிறது என்று 2016இல் தெரியவந்தது. சூடு ஏறினால் ஒளி எழுப்பிவிட்ட பைட்டோகுரோமே வேகமாக மறுபடி உறங்கிவிடும். மிச்சக் கதை மேலே சொன்னதுதான்: பிஃப், ஆக்சின், நீளம். ஆக, வெயில்காலத்தில் நிழல்வலையை இன்னொரு அடுக்கு போட்டுச் சூட்டைத் தணிக்கப் பார்த்தால் வெளிச்சமும் குறைந்து இரண்டும் சேர்ந்து நீட்டும். நான் ஒரே வலையோடு நிறுத்திக்கொண்டு, பக்கவாட்டுத் திரைகளைச் சுருட்டிக் காற்று விடுகிறேன். தக்காளி விதை 35 டிகிரிக்கு மேல் முளைப்பதற்கே சுணங்கும், அதனால் அந்த மாதங்களில் அடுக்கி மூடும் டிரேக்களை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

ஜன்னல் பக்கமே சாயுதே?

நுனியில் உருவாகும் ஆக்சின் நிழல் பக்கத்துக்கு நகர்ந்து அந்தப் பக்கம் அதிகம் நீள்கிறது. நுனியை மூடிவிட்டால் சாயாது என்று 1880இலேயே சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் முளையில் காட்டினார்கள். நுனியிலிருந்து இறங்குவது ஒரு பொருள்தான் என்பதை ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் என்கிற கூழ்த் துண்டில் வைத்து 1920களில் நிரூபித்தவர் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட். தொட்டியைத் தினம் கால் சுற்று திருப்பி வையுங்கள், போதும்.

நாத்தைக் கையால தடவி விட்டா கட்டையாகும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. தொடுதல், காற்று, ஆட்டம் இவற்றால் செடி குட்டையாகித் தடிப்பதற்கு 1973இல் மார்க் ஜாஃபி என்பவர் தனிப் பெயரே வைத்தார். தொட்டதும் ஜாஸ்மோனிக் அமிலம் ஏறுகிறது, ஜிப்ரலினை உடைக்கும் நொதி கூடுகிறது, எத்திலீனும் வரும். நான் ஒரு மெல்லிய பிவிசி குழாயைத் தக்காளி டிரே மேல், நுனி சற்றே வளையும் அளவுக்கு, காலையில் பத்துத் தடவையும் சாயங்காலம் பத்துத் தடவையும் இழுக்கிறேன். இலையில் பனியோ தண்ணீரோ இருக்கும்போது செய்யக்கூடாது, நோய் ஒரு டிரேயிலிருந்து மறு டிரேக்குப் பரவும். மிளகாயில் செய்து பார்த்தேன், இலை கிழிகிறது, விட்டுவிட்டேன்.

அப்ப ஜிப்ரலின் குறைஞ்சா நல்லதுதானா? ஏன் கடையில அதை வளர்ச்சி ஊக்கின்னு விக்கறாங்க?

ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு நோயில். ஜப்பானில் நெல் நாற்று சில கழனிகளில் வெளிறி, மற்றதைவிட ஒரு சாண் உயர்ந்து, அப்புறம் மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். 'முட்டாள் நாற்று' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளால் வருகிறது என்று 1926இல் குரோசாவா என்ற ஆய்வாளர் காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின், பிற்பாடுதான் செடியும் சொந்தமாகவே அதைத் தயாரிக்கிறது என்று தெரிந்தது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர்.8 நெல், ஐ.ஆர். எட்டு என்று நம் தாத்தாக்கள் இன்றைக்கும் சொல்வது. வட ஆற்காட்டில் ஒரு விவசாயி அது கொடுத்த விளைச்சலில் மகிழ்ந்து மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்தார். அந்த நெல் குட்டையாக இருந்ததற்குக் காரணம் ஜிப்ரலின் தயாரிப்பில் ஒரு படி பழுதான மரபணு, அது எது என்று 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். உரம் போட்டாலும் நீளாமல், சாயாமல், சத்தை எல்லாம் கதிருக்கு அனுப்பியது. பழைய நெட்டை ரகங்கள் உரம் போட்டவுடன் உயர்ந்து காற்றில் படுத்துவிடும்.

எனவே ஜிப்ரலின் வாங்கி நாற்று மேல் தெளித்தால் நீளும், வேர் பின்தங்கும், இலை வெளுக்கும். உறக்கம் கலைக்க, திராட்சையைப் பெரிதாக்க என்று அதற்கு இடங்கள் இருக்கின்றன, நாற்றங்கால் அதில் இல்லை. அதேபோல் ஜிப்ரலின் தயாரிப்பைத் தடுக்கிற பேக்லோபியூட்ரசோல், மாமரத்துக்கு வேரில் ஊற்றுவார்களே, அதைச் சொட்டு விட்டால் நாற்று கட்டையாகும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகும். நட்ட பிறகும் வாரக்கணக்கில் கட்டையாகவே நிற்கும், அந்த மருந்து மண்ணை விட்டு லேசில் போகாது.

தண்ணியைக் குறைச்சா வேர் நல்லா எறங்கும்கறாங்களே?

அளவோடு. மண் காயும்போது அப்சிசிக் அமிலம் ஏறும், இலைத்துளைகள் மூடும், மேல் வளர்ச்சி நிற்கும். வேரில் அதே அப்சிசிக் அமிலம் எத்திலீன் எக்கச்சக்கமாக வராமல் அடக்கி வைத்து வேரை வளரவிடுகிறது. மேலே பிரேக், கீழே அனுமதி. நடுவதற்கு முன் கடைசி நாலைந்து நாள் நான் தண்ணீரைக் குறைப்பது இதற்காகத்தான், இலை மதியத்தில் லேசாகத் துவண்டு மாலையில் தானாக நிமிர வேண்டும். மாலையில் நிமிராவிட்டால் நீங்கள் அதிகமாகப் போய்விட்டீர்கள்.

கழனியில் இன்னொன்று. டிராக்டர் ஓடி இறுகிய மண்ணில் வேர் நின்றுவிடுவது மண் கெட்டியாக இருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2021இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: இறுகிய மண்ணில் காற்றிடைவெளி இல்லாததால் வேர் வெளிவிடும் எத்திலீன் கலைந்து போக வழியில்லாமல் வேரைச் சுற்றியே தங்குகிறது, அதைப் படித்துத்தான் வேர் 'இங்கே வழி இல்லை' என்று நின்றுகொள்கிறது. எத்திலீனை உணர முடியாத நெல் ரகம் அதே இறுகிய மண்ணில் உள்ளே போனது. ஏரி வண்டலை அப்படியே தொட்டியில் அடைக்கிற மாடித்தோட்டக்காரர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும். மணலோ நார்க்கழிவோ கலந்தால் அந்த வாயுவுக்கு வழி கிடைக்கும்.

இளநீர் தெளிக்கலாமா?

இளநீரில் சைட்டோகைனின் வகைப் பொருள்கள் இருப்பது உண்மை, 1940களிலிருந்தே திசு வளர்ப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1957இல் புகையிலைத் திசுவில் காட்டியது இன்னும் அழகு: ஆக்சின் பக்கம் தூக்கினால் வேர், சைட்டோகைனின் பக்கம் தூக்கினால் குருத்து, இரண்டும் நடுவில் நின்றால் வெறும் உருண்டைத் திசு. ஆனால் அது கண்ணாடிக் குடுவைக்குள். டிரேயில் இளநீர் தெளித்தால் சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சையும் வரும். நீங்கள் குடித்துவிடுங்கள்.

நுனியைக் கிள்ளினா ஏன் பக்கக் கிளை வருது?

நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் கணுக்களில் சைட்டோகைனின் தயாரிப்பை அடக்கி, ஸ்ட்ரைகோலாக்டோனைக் கூட்டி, பக்கமொட்டுகளை உறங்க வைக்கிறது. கிள்ளியதும் அந்தப் பிடி போகிறது. அதற்கும் முன்னால், நுனி தின்றுகொண்டிருந்த சர்க்கரை பக்கமொட்டுக்குத் திரும்புவதே முதல் தூண்டுதல் என்று 2014இல் பட்டாணியில் காட்டினார்கள். சாமந்தியில் கிள்ளுங்கள், முருங்கையில் இடுப்புயரம் வரும்போது கிள்ளுங்கள். தக்காளி நாற்றை டிரேயிலேயே கிள்ளிவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த ஸ்ட்ரைகோலாக்டோனை வேர் மண்ணுக்குள்ளும் கசியவிடும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாத மண்ணில் இன்னும் அதிகமாக. நல்ல பூஞ்சையைக் கூப்பிடத்தான் கசியவிடுகிறது, அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு சோளத்திலும் கரும்பிலும் சுடுமல்லி என்கிற ஒட்டுண்ணிக் களையின் விதை விழித்து வேரில் ஏறிவிடுகிறது.

களைக்கொல்லி பட்ட நாத்து ஏன் முறுக்கிக்குது?

இது நான் பட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கைத்தெளிப்பான் பழுது, அவசரத்துக்குப் பக்கத்துக் கழனியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கினேன். கரும்புக்கு 2,4-டி அடித்த டேங்க் அது. எனக்குத் தெரியும். இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, நாற்பது தக்காளி டிரேக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். சாயங்காலமே இலைக்காம்பெல்லாம் குடையை மடக்கிய மாதிரி கீழே தொங்கியது. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மறுநாள் தண்டு பாம்பு மாதிரி நெளிந்தது. நாலாம் நாள் வந்த குருத்திலை விரல் விரலாகக் குறுகி, நரம்பெல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக, தக்காளி இலை என்றே சொல்ல முடியாது. டிரேக்கு 98 குழி, பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2,4-டி செயற்கை ஆக்சின். சொந்த ஆக்சின் கூடிப்போனால் செடி அதை உடைத்தோ கட்டியோ சமாளிக்கும், இதை அகலஇலைச் செடிகளால் அவ்வளவு வேகமாக உடைக்க முடியாது. ஆக்சின் எக்கச்சக்கமானதும் எத்திலீன் தயாரிப்பு சூடுபிடிக்கிறது, காம்பு தொங்கியது அதனால். எத்திலீனைத் தொடர்ந்து அப்சிசிக் அமிலம் குவிந்து இலைத்துளைகள் மூடி வளர்ச்சி நிற்கிறது. ஒரு சொட்டு ஆக்சினில் ஆரம்பித்து மற்றவர்கள் கையால் சாகிறது செடி. தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றும் இதற்கு ரொம்ப மென்மை, டேங்கின் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்ததே போதும். இப்போது என்னிடம் களைக்கொல்லிக்கென்று சிவப்பு பெயின்ட் அடித்த தெளிப்பான் தனியாக இருக்கிறது. அதை யாருக்கும் இரவல் தருவதில்லை, யாரிடமும் வாங்குவதும் இல்லை.

மாம்பழக் கூடையோட ஒரே வண்டியில நாத்தை ஏத்திக்கிட்டுப் போலாமா?

குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் சீசனில் கேட்பது. திறந்த வண்டி, அரை மணி நேரம் என்றால் பரவாயில்லை. தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியில் வேண்டாம். பழம் விடுகிற எத்திலீன் உள்ளேயே நின்றால் தக்காளி இலைக்காம்பு தொங்கிவிடும், நீங்கள் இறக்கிப் பார்த்துவிட்டு நாற்று வாடிப்போச்சு என்று எனக்குப் போன் போடுவீர்கள். பழத்தை மண்டியில் இறக்கிவிட்டு, வண்டியைக் கொஞ்ச நேரம் காற்றாடத் திறந்து போட்டுவிட்டு வாருங்கள். காலையில் ஆறரைக்கே இருப்பேன்.